அடுத்த வாரம் கேட்கிற ஆள்

மனநலத்துக்கென்று என் கிளினிக்கில் இருக்கும் ஒரே சாதனம் ஒரு தாள்தான். கரண்ட் வேண்டாம், சர்வீஸ் வேண்டாம், ஜெராக்ஸ் எடுக்க இரண்டு ரூபாய். பெயர் பி.எச்.க்யூ-9. அதில் ஒன்பது கேள்விகள், எல்லாமே கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை. எதிலும் நாட்டமில்லாமல் போனதா, மனம் சோர்ந்து கிடந்ததா, தூக்கம் கெட்டதா, களைப்பா, பசி மாறியதா, தன்மேலேயே வெறுப்பு வந்ததா, கவனம் நிற்கவில்லையா, மற்றவர்கள் கவனிக்கும் அளவுக்குப் பேச்சும் நடையும் மந்தமானதா அல்லது இருப்புக்கொள்ளாமல் தவித்தீர்களா, கடைசியாக, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்போ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10-ஐ எட்டினால் மருத்துவர் நிமிர்ந்து உட்கார வேண்டும். 20-ஐ எட்டினால் அது கடுமையான மனச்சோர்வு.

அமெரிக்காவில் ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ், கர்ட் க்ரோன்கி ஆகியோர் ஃபைசர் நிறுவனத்தின் நிதியில் உருவாக்கியது இது. 2001-ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம், தமிழிலும் இருக்கிறது. மருந்துக் கம்பெனி பணத்தில் பிறந்த தாளா என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் உண்டு. சுளிப்பதில் தப்பில்லை. நானும் அதை நோயைத் தீர்மானிக்கப் பயன்படுத்துவதில்லை, பேச்சைத் தொடங்கத்தான் பயன்படுத்துகிறேன்.

நான் அருப்புக்கோட்டையில் பொது மருத்துவம் பார்க்கிறவள். என்னிடம் வருகிறவர்கள் யாரும் "மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "உள்ளங்கால் எரியுது டாக்டரம்மா." "நெஞ்சு படபடன்னு அடிக்குது." "தலையில பூச்சி ஊர்ற மாதிரி இருக்கு." "ஒரு ட்ரிப்ஸ் ஏத்திவிடுங்க, கொஞ்சம் தெம்பு வரும்." முதலில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்க வேண்டும். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் அச்சு அசலாக மனச்சோர்வு போலவே தெரியும். சர்க்கரை, தேவைப்பட்டால் ஈ.சி.ஜி. எல்லாம் சரியாக இருந்தும் அதே எரிச்சல், அதே படபடப்போடு மறுபடி வந்து நின்றால் தாளை எடுப்பேன்.

கையில் கொடுத்து நிரப்பச் சொல்வதில்லை. நானே வாசிப்பேன். ஒன்பதாவது கேள்வி வரும்போது கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருக்கக் கூடாது. கீழே மருந்துக் கடைக்குப் போய் ஏதாவது வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிடுவேன். அந்தக் கேள்வியைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்தது போல ஆகிவிடாதா என்று செவிலியர் பயிற்சிகளில் எப்போதும் யாராவது கேட்பார்கள். ஆகாது. இதைப் பல ஆய்வுகள் சோதித்துவிட்டன. கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை. நான் பார்த்த வரையில் பெரும்பாலானவர்கள் தோளை இறக்கி ஒரு பெருமூச்சு விடுகிறார்கள், ஒருவராவது நேரே கேட்டாரே என்று.

2015-16-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. அந்தச் சமயத்தில் வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. சிகிச்சை கிடைக்காதவர்களின் பங்கு, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் வரை. நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இந்தக் கணக்கை எப்படித் திருப்பிப் போட்டாலும் விடை ஒன்றுதான். பெரும்பாலானவர்கள் முதலில், பல சமயம் கடைசியாகவும், பார்க்கப்போவது என்னைப் போன்ற ஊசி போடும் டாக்டரைத்தான். என்னிடம் ஒருவருக்கு இருப்பது ஏழெட்டு நிமிடம். அதனால்தான் சுயஉதவி என்ற விஷயம் பேச்சுக்கு வருகிறது. நோயாளி வீட்டுக்குப் போய்த் தானே செய்யக்கூடியது எது?

சுயஉதவி என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' மாதிரியான புத்தகங்கள். அவை எத்தனையோ பேரைப் படிக்க வைத்தன, தொழில் தொடங்க வைத்தன. அந்த மரியாதை அவற்றுக்கு உண்டு. ஆனால் மனச்சோர்வில் கிடக்கிறவரிடம் உன்னால் முடியும் என்று சொன்னால், முடியாத தான் எவ்வளவு உதவாக்கரை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். தம்பி பாசத்தோடு வாங்கிக் கொடுத்த தன்னம்பிக்கை நூலைப் பாதி படித்துவிட்டு இன்னும் சுருண்டு படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மருத்துவம் சொல்லும் சுயஉதவி இதைவிடச் சாதாரணமானது, கொஞ்சம் சலிப்பூட்டக்கூடியதும்கூட. ஊக்கம் வந்த பிறகு செயல் என்று காத்திருக்காமல், சின்னதாக ஒரு செயலைச் செய்; மனநிலை பின்னால் வரட்டும். அவ்வளவுதான் அதன் சாரம்.

2003-ல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் நீல் ஃப்ரூட் என்ற உளவியலாளர் ஒரு திட்டம் தொடங்கினார். குடும்ப மருத்துவர் மருந்துச் சீட்டில் ஒரு புத்தகத்தின் பெயரை எழுதுவார். நோயாளி அதை உள்ளூர் நூலகத்தில் காட்டி எடுத்துக்கொள்ளலாம். எந்தப் புத்தகம் என்பதை உளவியலாளர்கள் தேர்ந்து வைத்திருந்தார்கள். இரண்டு ஆண்டில் வேல்ஸ் முழுக்கப் பரவியது. 2013-ல் இங்கிலாந்திலும் அதேபோல ஒன்று வந்தது. நம்மூர் கிளை நூலகங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம்தான். ஒரு அலமாரி, நல்ல தமிழில் பத்துப் புத்தகம், அவற்றின் பட்டியல் ஊர் டாக்டர்கள் கையில். செலவென்று சொல்ல எதுவுமில்லை.

ஆனால் புத்தகமோ கணினியோ தானாக வேலை செய்துவிடும் என்று நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் பிரிட்டனிலேயே பாடம் இருக்கிறது. யார்க் பல்கலைக்கழகத்தார் 83 குடும்ப மருத்துவ நிலையங்களில் 691 மனச்சோர்வு நோயாளிகளைச் சேர்த்து ஓர் ஆய்வு செய்து 2015-ல் வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையோடு ஒரு பகுதியினருக்குக் கணினிவழி மனப்பயிற்சித் திட்டம் ஒன்றைக் கொடுத்தார்கள். விலைக்கு விற்கும் பீட்டிங் த ப்ளூஸ் அல்லது ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்ட இலவச மூட்ஜிம். நாலு மாதம் கழித்துப் பார்த்தால், கூடுதலாக ஒரு பயனும் இல்லை. திட்டங்களில் பிழை என்று சொல்ல முடியாது. ஆட்கள் திறக்கவே இல்லை. பாதிப் பேர் ஓரிரு பாடத்தோடு நிறுத்திவிட்டார்கள். மனச்சோர்வின் அறிகுறியே எதையும் தொடர முடியாமை. அவரிடம் போய், நீங்களே உட்கார்ந்து தொடர்ந்து செய்யுங்கள் என்றால்?

அந்த ஆய்வில் தொலைபேசி உதவி இருந்தது, ஆனால் அது பெரும்பாலும் கணினியை இயக்குவது பற்றியது. அடுத்து அதே குழு, பயிற்சி பெற்ற ஒருவர் முறையாகக் கூப்பிட்டுப் பேசும் ஏற்பாட்டோடு மூட்ஜிம்மைச் சோதித்தது. இந்த முறை நாலு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவதும் இதைத்தான். தாளோ புத்தகமோ செயலியோ, அடுத்த வாரம் "செஞ்சீங்களா?" என்று கேட்க ஓர் ஆள் இருந்தால்தான் அது வேலை செய்கிறது. பிரிட்டனின் 2022 சிகிச்சை வழிகாட்டி, கடுமை குறைந்த மனச்சோர்வுக்கு முதலில் யோசிக்கச் சொல்வது வெறும் சுயஉதவியை அல்ல, ஒருவர் கூடவே வழிநடத்தும் சுயஉதவியைத்தான்.

அந்த ஆள் டாக்டராகவோ பட்டம் பெற்ற உளவியலாளராகவோ இருக்க வேண்டுமென்பதில்லை. இதை உலகத்துக்குக் காட்டியது நம் பக்கத்து மண். கோவாவில் சங்கத் என்ற அமைப்பும் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்திய ஆய்வு 2017-ல் லான்செட் இதழில் அச்சானது. பி.எச்.க்யூ-9-ல் 14-க்கு மேல் எடுத்த ஏறத்தாழ 500 பேர். எல்லாருடைய மருத்துவருக்கும் மதிப்பெண் தெரிவிக்கப்பட்டது. பாதிப் பேருக்குக் கூடுதலாக, மனநலத் துறையில் முன்பின் அனுபவமில்லாத, இந்த வேலைக்கென்றே பயிற்சி கொடுக்கப்பட்ட ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வு பேசினார்கள். மூன்று மாதத்தில் அவர்களில் 64 சதவீதம் பேரின் மதிப்பெண் 10-க்குக் கீழே இறங்கியது. மற்றப் பாதியில் 39 சதவீதம்தான். இதற்கு முன்பே, 2008-ல், பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் நம் கிராம சுகாதார செவிலியர் போன்ற பெண்கள் பிரசவகால மனச்சோர்வுக்கு இதே பாணியில் உதவினார்கள். குழந்தைக்கு ஆறு மாதமாகும்போது மனச்சோர்வோடு இருந்த தாய்மார், உதவி கிடைத்த ஊர்களில் 23 சதவீதம், கிடைக்காத ஊர்களில் 53 சதவீதம்.

அந்த அமர்வுகளில் அப்படி என்னதான் பேசுவார்கள் என்று கேட்பீர்கள். என்னிடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நாற்பதுகளின் நடுவில் இருந்தவர். எங்கள் பக்கம் மல்லிகை விளைகிற பூமி. அவர் வீட்டில் உட்கார்ந்து பூக் கட்டிக் கொடுப்பவர். மகன் வளைகுடாவுக்குப் போன பிறகு ஒவ்வொன்றாக விட்டுப்போனது. முதலில் தெருப்பெண்களோடு பேச்சு, பிறகு பூ, பிறகு குளியல்கூட ஒருநாள் விட்டு ஒருநாள். என்னிடம் சொன்னதென்னவோ கைகால் எரிச்சல். மதிப்பெண் 13. ஒன்பதாவது கேள்விக்கு 0. மாத்திரையை உடனே எழுதாமல் ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஒரு நாளை, காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பொழுதிலும் இப்போது என்ன செய்கிறார், அப்போது மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டோம். காலை பத்து மணிக்கு மேல்தான் மோசம். அது அவர் முன்பு பூக் கட்டிய நேரம்.

"நாளைக்கு எத்தனை முழம் கட்டுவீங்க?"

"முன்னெல்லாம் முப்பது முழம் கட்டுவேன் டாக்டரம்மா. இப்ப நூலப் பாத்தாலே வெறுப்பா இருக்கு."

"முப்பது வேணாம். ஒரு முழம். உங்க சாமி படத்துக்கு மட்டும். பிடிக்கலைன்னாலும் கட்டுங்க. கட்டினதும் தாள்ல ஒரு டிக் போடுங்க."

அவருக்கு இது கேலியாகப் பட்டது. ஊசி போடாமல் பூக் கட்டச் சொல்கிற டாக்டர். எங்கள் செவிலியர் வியாழக்கிழமை போன் செய்தார். மூன்று டிக். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சேர்ந்து கட்டுவது என்று கூட்டினோம். அதற்கடுத்து சாயங்காலம் கோயில்வரை நடை. இரண்டு மாதத்தில் மதிப்பெண் 6. எரிச்சல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பூக்கடைக்காரரிடம் கூலிக்குச் சண்டை போடுகிறார், அதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாருக்கும் இப்படி ஆகாது. மதிப்பெண் ஏறிக்கொண்டே போனாலோ, ஒன்பதாவது கேள்விக்கு 0-வுக்கு மேல் எதுவும் வந்தாலோ, மாயக்குரல் கேட்கிறது என்றாலோ, சாப்பாடே நின்றுவிட்டாலோ, இது தாளும் நாட்காட்டியும் பார்க்கிற வேலையல்ல. மனநல மருத்துவரிடம் போக வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் பார்க்கலாம், மருந்தும் இலவசம். மனச்சோர்வு மாத்திரை எழுதினால் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதை எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாததால்தான் பத்தாம் நாளே பாதிப் பட்டையைக் குப்பையில் போடுகிறார்கள்.

போனில் கேட்க 14416 இருக்கிறது. மத்திய அரசின் டெலி மனஸ் சேவை, 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும், இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டின் 104-ம் இருக்கிறது. சென்னையில் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய சிநேகா அமைப்பின் தன்னார்வலர்கள் 044-24640050-ல் பேசுவார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து மூடி மறைக்கிற குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஏஜெண்டுகள் இதைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள்.

இதுவரை சொன்னது நோயாளிகளுக்கு. இவற்றில் ஒன்றைக்கூடத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளாத கூட்டம் ஒன்று உண்டு. அது எங்கள் கூட்டம்.

டாக்டருக்குத் தூக்கம் வரவில்லையென்றால் என்ன செய்வார்? மருந்துப் பிரதிநிதி வைத்துவிட்டுப் போன சாம்பிள் அலமாரியைத் திறப்பார். அல்பிரசோலம் வாங்கச் சீட்டு வேண்டும், கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பதெல்லாம் ஊருக்கு. அல்லது மாநாட்டு வராந்தாவில் கூடப்படித்தவரின் தோளில் கை போட்டு, "ஒரு பேஷண்டுக்கு..." என்று தொடங்குவார். அந்த பேஷண்ட் யாரென்று கேட்பவருக்கும் தெரியும். மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் மதுரைக்காரர் திருச்சிக்கும், திருச்சிக்காரர் கோவைக்கும் காரெடுப்பார். தன் ஊரில் அந்தக் காத்திருப்பு நாற்காலியில் உட்கார்ந்தால் அடுத்த வாரமே தன் காத்திருப்பு நாற்காலி காலியாகிவிடும் என்ற பயம்.

இந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை லண்டன் அனுபவத்தில் கற்றது. தக்ஷா எம்சன் என்ற இளம் மனநல மருத்துவருக்கு மாணவப் பருவத்திலிருந்தே இருமுனைப் பிறழ்வு நோய் இருந்தது. தொழில் பாதிக்கப்படுமென்று அஞ்சி, கூட வேலை செய்தவர்களிடம் மறைத்தே வாழ்ந்தார். பிரசவத்துக்குப் பிந்தைய நோய்த் தீவிரத்தில், 2000-ல், அவரும் மூன்று மாதக் கைக்குழந்தையும் இறந்துபோனார்கள். விசாரணை அறிக்கை, மருத்துவ உலகுக்குள்ளேயே இருக்கும் களங்க உணர்வைப் பெயர் சொல்லிச் சுட்டியது. பிறகு 2008-ல் மருத்துவர்களுக்கென்றே ரகசியம் காக்கும் ஒரு சிகிச்சைச் சேவை லண்டனில் திறந்தது. கிளேர் ஜெராடா என்ற குடும்ப மருத்துவர் அதை நடத்தினார். யாருடைய சிபாரிசும் வேண்டாம், டாக்டர் தானே கூப்பிட்டுப் பதியலாம். இன்று அது இங்கிலாந்து முழுமைக்கும் இருக்கிறது.

இங்கே 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு மருத்துவ மாணவர்களிடம் இணையவழிக் கணக்கெடுப்பு நடத்தியது. பதில் தந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 27.8 சதவீதமும், முதுநிலை மாணவர்களில் 15.3 சதவீதமும் தங்களுக்கு மனநலப் பாதிப்பு கண்டறியப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். விரும்பியவர்கள் மட்டும் பதில் தந்த கணக்கு என்பதால் இதை எல்லாருக்கும் பொருத்த முடியாது. இருந்தாலும் சின்ன எண்ணல்ல. வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வேண்டாம், ஒரு நாள் விடுமுறை கொடுங்கள் என்று குழு பரிந்துரைத்தது. தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. 36 மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வரும் பையனிடம் மூச்சுப் பயிற்சிச் செயலியை நீட்டுவது எனக்கு எரிச்சல் தருகிறது. அவனுக்கு முதல் மருந்து படுக்கை.

ஆனால் டியூட்டி நேரம் ஒழுங்கான பிறகும் மிச்சமிருக்கும் ஒரு பாரம் உண்டு. இறந்த குழந்தையின் தாய் காலைப் பிடித்துக்கொண்டது, ஏனென்று தெரியாமல் ஒரு நோயாளியைக் கண்டாலே கோபம் வருவது. இதற்கு 1950-களிலேயே மைக்கேல் பாலிண்ட் என்ற ஹங்கேரிய மருத்துவர் லண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையில் ஒரு வழி கண்டார். பொது மருத்துவர்கள் சிலர் வட்டமாக உட்கார வேண்டும். ஒருவர் தன்னை உறுத்தும் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார், குறிப்பேடு இல்லாமல். 1957-ல் வந்த அவர் புத்தகத்தின் மையக் கருத்து, பொது மருத்துவத்தில் மிக அதிகமாகக் கொடுக்கப்படும் மருந்து மருத்துவர்தான், அந்த மருந்தின் அளவையும் பக்கவிளைவையும் யாரும் படித்ததில்லை என்பது.

எங்கள் ஊர்ப் பக்கத்திலும் மாதம் ஒரு ஞாயிறு மாலை இப்படிக் கூடுகிறோம். குழந்தை மருத்துவர், எலும்பு மருத்துவர், பல் மருத்துவர் ஒருவர், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த பெண், நான், இன்னும் இருவர். கதை சொன்னவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு பேசாமல் உட்கார வேண்டும். மற்றவர்கள் அவர் கதையைப் பற்றிப் பேசுவார்கள். "அந்த ஆன்டிபயாட்டிக் ஏன் கொடுக்கலை?" என்று கேட்டால் அபராதமாக வடை வாங்கித் தர வேண்டும். முதலில் எல்லாரும் வடை வாங்கினோம். அறிவுரை சொல்லாமல் ஐந்து நிமிடம் இருப்பது டாக்டர்களுக்கு அவ்வளவு கஷ்டம். புதிதாக வந்த பெண் ஒருமுறை, தன் பிரசவ வார்டில் இறந்த ஒரு தாயைப் பற்றிச் சொன்னார். மருத்துவரீதியாக அவர் செய்ய வேண்டியது எதையும் விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தத் தாயின் தெரு வழியே போகாமல் சுற்றிக்கொண்டு போகிறார். எலும்பு மருத்துவர், இருபது வருடமாகத் தான் ஒரு பேருந்து நிறுத்தத்தைத் தவிர்ப்பதாகச் சொன்னார். அவர் மனைவிக்கே தெரியாதாம்.

இது சிகிச்சையல்ல. அந்தப் பெண்ணின் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்ததால் பி.எச்.க்யூ-9 போட்டோம், நான் வாசிக்க அவர் பதில் சொல்ல. 11 வந்தது. வெளியூர் மனநல மருத்துவர் ஒருவரிடம் நேரம் வாங்கினோம்; சாம்பிள் அலமாரியின் சாவி இப்போது பல் மருத்துவரிடம். கூட்டத்தில் பேசியவரை அந்த வாரத்திலேயே ஒருவர் போனில் கூப்பிட வேண்டும் என்பது நாங்கள் பிற்பாடு சேர்த்த விதி. இந்த மாதம் கூப்பிட வேண்டியவர் எலும்பு மருத்துவர். அவருக்கு ஆபரேஷன் நாட்களில் எதுவும் ஞாபகம் இருக்காது என்பதால், அவரைக் கூப்பிட்டு ஞாபகப்படுத்த வேண்டியவர் யாரென்றும் எழுதி வைத்திருக்கிறோம்.